கல்லூரிக்குச் சேர்த்த பணம், வங்கியில்: காவல் யார்?

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

ஓஹையோவில் இருக்கும் என் அண்ணன் மகள் ஊருக்கு வந்திருந்தபோது கேட்டாள்: "சித்தப்பா, எங்க ஸ்டேட்ல 529-ஐ பேங்க் டெபாசிட்லயே போட்டு வைக்கலாமாம். இன்ஷூரன்ஸும் உண்டாம். பயமில்லாம போட்டுடலாம்ல?" ஃபிக்ஸட் டெபாசிட்டைத் தவிர வேறு எதையும் நம்பாத வீட்டில் வளர்ந்த பெண். டெபாசிட் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவளுக்குப் பாதிக் கவலை போய்விட்டது. போடலாம் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் அந்தக் காப்பீடு யாருக்கு, எதற்கு, எவ்வளவுக்கு என்று தெரிந்துகொண்டு போடச் சொன்னேன். அமெரிக்காவில் பேரப்பிள்ளைகள் வளர்கிற வீடுகள் நம் தெருவுக்கு இரண்டு இருக்கின்றன என்பதால், அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

529 என்பது அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு. 1996-இல் சேர்த்தார்கள். திட்டத்தை நடத்துவது மாநில அரசு. பெற்றோரோ தாத்தா பாட்டியோ ஒரு பிள்ளையின் பெயரைக் குறிப்பிட்டு அதில் பணம் போடுகிறார்கள். 2002 முதல், அந்தப் பணத்தைப் படிப்புச் செலவுக்கு எடுத்தால் வளர்ந்த தொகைக்கு மத்திய அரசின் வரி கிடையாது. முதலில் சில வருடங்களுக்கு என்று கொடுத்த சலுகையை 2006-இல் நிரந்தரமாக்கினார்கள். படிப்பைத் தவிர வேறு எதற்காவது எடுத்தால், பொதுவாக வளர்ந்த பகுதிக்கு வருமான வரி கட்டி, அதற்கு மேல் 10 சதவீதம் தண்டமும் கட்ட வேண்டும். பல மாநிலங்கள் தங்கள் பங்குக்கும் சலுகை தருகின்றன. ஓஹையோவில் ஒரு பிள்ளைக்கு வருடம் 4,000 டாலர் வரை மாநில வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

இந்தப் பணத்தில் பெரும்பகுதி மியூச்சுவல் ஃபண்டுகளுக்குத்தான் போகிறது. குழந்தை சின்னதாக இருக்கும்போது பங்குகள் அதிகம். கல்லூரி நெருங்க நெருங்கக் கடன் பத்திரங்கள் அதிகம். கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் 2008-இல் நடந்ததை ஓரிகனிலும் இல்லினாய்ஸிலும் இருக்கும் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாநிலங்களின் 529 திட்டங்களில் ஆப்பன்ஹைமர் கோர் பாண்ட் என்ற ஃபண்ட் இருந்தது. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ கல்லூரியில் சேர வேண்டிய பிள்ளைகளின் பணம் 'பத்திரமான இடம்' என்று அங்கே நகர்த்தப்பட்டிருந்தது. அந்த ஒரே வருடத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. வீட்டுக் கடன்களோடு பின்னிய சிக்கலான ஒப்பந்தங்களில் ஃபண்ட் ஆழமாக இறங்கியிருந்ததுதான் காரணம். இரு மாநிலங்களும் நிறுவனத்தோடு மோதி, ஓரிகன் 2 கோடி டாலரும் இல்லினாய்ஸ் 7.7 கோடி டாலரும் திரும்பப் பெற்றன. போனதில் ஒரு பகுதிதான் வந்தது. பையன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது, சந்தை மீண்டுவிடும், பொறுங்கள் என்று ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது? கல்லூரி பொறுக்காதே.

வங்கி டெபாசிட்டில் வைக்கும் 529-க்கு ஆள் தேடி வருவது இதனால்தான். இந்த யோசனை புதியதும் இல்லை. 529 பிறப்பதற்கு முன்பே, 1987-இல், நியூஜெர்சி மாநிலம் பிரின்ஸ்டனில் காலேஜ் சேவிங்ஸ் பேங்க் என்று ஒரு வங்கி தொடங்கியது. கல்லூரிச் சேமிப்புதான் அதன் முழுநேரத் தொழில். காலேஜ்ஷூர் என்ற பெயரில் ஒரு சி.டி. விற்றது (சி.டி. என்பது நம் எஃப்.டி.தான்). அதன் வட்டி கல்லூரிச் செலவு ஏறுவதைப் பின்பற்றி ஏறும். தனியார் கல்லூரிகளின் கட்டணக் குறியீடு ஒன்றோடு வட்டியைக் கட்டியிருந்தார்கள். அந்தக் கணக்கு முறைக்குக் காப்புரிமையும் வாங்கியிருந்தார்கள். பிறகு மொண்டானா மாநிலம் தன் 529 திட்டத்தை இந்த வங்கியை வைத்தே நடத்தியது. ஓஹையோவில் மாநிலத்தின் டியூஷன் டிரஸ்ட் அத்தாரிட்டி நடத்தும் காலேஜ்அட்வான்டேஜ் திட்டத்தில் ஃபிஃப்த் தேர்ட் பேங்கின் சேமிப்புக் கணக்கும் சி.டி.யும் உண்டு. அண்ணன் மகள் கேட்டது இதைத்தான். யூட்டாவின் திட்டத்திலும் காப்பீடு உள்ள வங்கிக் கணக்கு ஒரு தேர்வாக இருக்கிறது.

சாதாரண வங்கிக் கணக்கிலேயே போட்டால் என்ன, 529 எதற்கு என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 டாலருக்கு 4 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். 529-க்குள் அது சுமார் 14,800 டாலராகும். வெளியே வைத்தால் வருடா வருடம் வட்டிக்கு வரி. 24 சதவீத வரி கட்டுகிறவருக்குக் கையில் நிற்கும் வட்டி 3.04 சதவீதம்தான், பத்து வருடத்தில் சுமார் 13,490. வித்தியாசம் சுமார் 1,300 டாலர். மாநில வரியை இதில் நான் சேர்க்கவே இல்லை. டெபாசிட்தானே என்று 529-ஐ ஒதுக்க வேண்டியதில்லை.

இனித்தான் முடிச்சு இருக்கும் இடம்.

நீங்கள் நேராக வங்கிக்குப் போய் டெபாசிட் போட்டால், வங்கி ஏட்டில் உங்கள் பெயர் இருக்கும். வங்கி திவாலானால் எஃப்.டி.ஐ.சி. என்னும் மத்திய அமைப்பு 2,50,000 டாலர் வரை கொடுத்துவிடும். 1934-இல் 2,500 டாலரில் தொடங்கிய வரம்பு அது. 1980-இல் 1,00,000 ஆனது. 2008 நெருக்கடியில் தற்காலிகமாக 2,50,000 ஆக்கி, 2010-இல் நிலைநிறுத்தினார்கள். ஆனால் 529-இல் நீங்கள் வங்கிக்குப் பணம் கொடுப்பதில்லை. மாநிலத்தின் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்கிறீர்கள். அறக்கட்டளை அதை வங்கியில் போடுகிறது. அப்படியானால் டெபாசிட்தாரர் யார்? நம் அடுக்குமாடிக் குடியிருப்பில் நூறு வீட்டுக்காரர்களின் பணத்தைச் சேர்த்துச் சங்கத்தின் பெயரில் எஃப்.டி. போடுகிறோம் இல்லையா? வங்கிக்குத் தெரிவது சங்கம் என்ற ஒரே ஆள்தான். அதே கண்ணோடு பார்த்தால், ஒரு மாநிலத்தின் பல்லாயிரம் குடும்பங்களின் கல்லூரிப் பணத்துக்கு மொத்தமாக ஒரே ஒரு ஆளுக்கான காப்பீடுதான் கிடைக்கும்.

இந்தப் பயம் கற்பனை இல்லை. எஃப்.டி.ஐ.சி.யின் பழைய விதிகளைக் கண்டிப்பாகப் படித்தால் அந்த முடிவுக்குத்தான் வர முடியும். பெற்றோர் கையில் இருப்பது அறக்கட்டளையில் ஒரு பங்கு மட்டும், டெபாசிட் அவர்களுடையது அல்ல என்று வாதிட இடம் இருந்தது. அதைத் தீர்க்க 2005 ஜூனில் எஃப்.டி.ஐ.சி. ஓர் இடைக்கால விதி போட்டது. அதே வருடம் அக்டோபரில் அது இறுதி விதியானது. 529 திட்டத்தின் டெபாசிட்டில் காப்பீடு அறக்கட்டளையோடு நின்றுவிடாது. அதைக் கடந்து ஒவ்வொரு பங்கேற்பாளரிடமும் தனித்தனியாகப் போய்ச் சேரும். ஆனால் நிபந்தனை உண்டு. இது இன்னாருக்காக வைத்திருக்கும் பணம் என்ற உறவு வங்கியின் ஏட்டில் தெரிய வேண்டும். எந்தப் பணம் யாருடையது என்று பிரித்துக் காட்டக் கணக்கு இருக்க வேண்டும். பெரிய செய்தியாக யாரும் பேசாத சிறிய விதி. பல்லாயிரம் பிள்ளைகளின் படிப்பு அதன்மேல்தான் நிற்கிறது. அதை எழுதிய அதிகாரிகளை நான் மனமாரப் பாராட்டுவேன்.

அதே விதியில் பலர் கவனிக்காத இன்னொரு வரியும் இருக்கிறது. இங்கே பங்கேற்பாளர் என்பது கணக்கைத் தொடங்கிய பெரியவர், பிள்ளை அல்ல. அவர் அதே வங்கியில் தன் தனிப்பெயரில் வைத்திருக்கும் மற்ற டெபாசிட்டுகளையும் இந்தப் பணத்தோடு கூட்டித்தான் 2,50,000 வரம்பைப் பார்ப்பார்கள்.

அண்ணன் மகளுக்கு இதை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஒரு தகப்பனுக்கு அந்த வங்கியில் தன் பெயரில் மட்டும் 1,90,000 டாலர் சேமிப்பு. வீடு வாங்க வைத்திருக்கும் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவளுக்கு 529-இல் 45,000, சின்னவளுக்கு 40,000. இரண்டும் அதே வங்கியில் டெபாசிட்டாகக் கிடக்கின்றன. மூன்று கணக்கு, இரண்டு பிள்ளைகள், ஆனால் காப்பீட்டுக் கணக்கில் ஒரே ஆள், மொத்தம் 2,75,000. வங்கி விழுந்தால் 25,000 டாலருக்குக் காப்பீடு இல்லை. அந்த 1,90,000 கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் இருந்திருந்தால் அது வேறு வகை, வரம்பும் தனி. முழுப் பணமும் காப்பாற்றப்பட்டிருக்கும். "ஒரு பேரைச் சேர்த்தா போதுமா?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். போதும்.

வங்கி எங்கே விழப்போகிறது என்று நினைக்கலாம். 2008 ஜூலை 11 அன்று கலிஃபோர்னியாவின் இண்டிமேக் வங்கி மூடப்பட்டது. காப்பீட்டு வரம்புக்குள் இருந்தவர்களுக்கு முழுப் பணமும் கிடைத்தது. வரம்புக்கு மேல் இருந்த பகுதிக்கு உடனடியாகக் கிடைத்தது பாதிதான். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி பேங்க் விழுந்தபோது அரசு விசேஷ முடிவெடுத்து எல்லாரையும் காப்பாற்றியது. அடுத்த முறையும் அப்படிச் செய்வார்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வங்கி விழாமலே பணம் முடங்கிய கதையும் இருக்கிறது. சினாப்ஸ் என்ற நிறுவனம் வங்கிகளுக்கும் கைபேசிச் செயலிகளுக்கும் நடுவில் நின்று மக்கள் பணத்தின் கணக்கை எழுதி வந்தது. 2024 ஏப்ரலில் அது திவால் மனு கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் நின்றார்கள். பணம் காப்பீடுள்ள வங்கியில்தான் இருக்கிறது என்று செயலிகள் அவர்களிடம் சொல்லியிருந்தன. ஆனால் எந்த வங்கியில் யாருடையது எவ்வளவு என்று காட்டும் ஏடு வங்கிகளின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை துண்டு விழுவதாக நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளர் மதிப்பிட்டார். எந்த வங்கியும் திவாலாகாததால் எஃப்.டி.ஐ.சி. காப்பீட்டுக்கு அங்கே வேலையே இல்லை. அது 529 அல்ல. மாநிலத் திட்டங்களுக்கு அரசின் மேற்பார்வை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் நடுவில் ஒருவர் நின்று பலர் பணத்தை ஒரே கணக்கில் வைக்கும் எந்த ஏற்பாட்டிலும் காப்பீடு ஏட்டைப் பிடித்துக்கொண்டுதான் உங்களிடம் வந்து சேரும். ஏடு பிசகினால் காப்பீடும் நடுவழியில் நின்றுவிடும்.

சரி, இதையெல்லாம் மேற்பார்வை பார்ப்பது யார்? ஒருவர் இல்லை என்பதுதான் பதில். வரிச் சலுகையை வரித்துறையான ஐ.ஆர்.எஸ். பார்க்கிறது. வங்கியின் ஆரோக்கியத்தை வங்கிக் கண்காணிப்பாளர்களும், காப்பீட்டை எஃப்.டி.ஐ.சி.யும் பார்க்கிறார்கள். திட்டத்தின் நிர்வாகம் மாநிலக் கருவூலத்திடமோ ஒரு வாரியத்திடமோ இருக்கிறது. இதில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டாளரான எஸ்.இ.சி.க்கு என்ன இடம்? இங்கேதான் வாதம் சுவாரசியமாகிறது.

வங்கி டெபாசிட் முதலீட்டுப் பத்திரம் ஆகுமா என்ற கேள்வி 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மரைன் பேங்க் எதிர் வீவர் வழக்கு. பென்சில்வேனியாவில் ஒரு தம்பதி 50,000 டாலருக்கு ஆறு வருட சி.டி. வாங்கி, அதை ஓர் இறைச்சி நிறுவனத்தின் வங்கிக் கடனுக்கு ஈடாகக் கொடுத்திருந்தார்கள். நிறுவனம் நொடித்தது. உண்மையை மறைத்துவிட்டார்கள் என்று பத்திரச் சட்டத்தின் கீழ் வங்கிமேல் வழக்குப் போட்டார்கள். வங்கியின் சி.டி. பத்திரம் அல்ல என்றது நீதிமன்றம். சாதாரணக் கடன் பத்திரம் வாங்குகிறவர், கொடுத்தவர் நொடித்தால் நஷ்டப்படுவார். டெபாசிட்காரருக்கு வங்கிச் சட்டமும் காப்பீடும் ஏற்கெனவே காவல் இருக்கின்றன. இரண்டாவது காவல் எதற்கு என்பது தர்க்கம்.

529-க்கு அந்தத் தர்க்கம் அப்படியே ஒட்டாது. பெற்றோர் கையில் இருப்பது சி.டி. இல்லை, மாநில அறக்கட்டளையின் பங்கு. அப்படிப்பட்ட பங்குகள், சூழ்நிலையைப் பொறுத்து, மாநிலங்களும் நகராட்சிகளும் வெளியிடும் பத்திரங்களின் வகையில் சேரலாம் என்று 1999-இல் எஸ்.இ.சி. அலுவலர்கள் கருத்துச் சொன்னார்கள். அதிலிருந்து 529-ஐ விற்கும் தரகர்கள் எம்.எஸ்.ஆர்.பி. என்ற வாரியத்தின் விதிகளுக்குள் வந்தார்கள். வாடிக்கையாளருக்குப் பொருத்தமானதைத்தான் சொல்ல வேண்டும், விளம்பரத்தில் ஏமாற்றக் கூடாது என்பவை போன்ற விதிகள். ஆனால் கட்டுப்படுவது தரகர் மட்டுமே. வெளியிடும் மாநிலம் எஸ்.இ.சி.யிடம் பதிவு செய்ய வேண்டியதில்லை. விற்பதற்கு முன் ஆவணங்களைக் கொடு என்று மாநிலத்தைக் கேட்க எம்.எஸ்.ஆர்.பி.க்கு அதிகாரமும் இல்லை. 1975-இலேயே பத்திரச் சட்டத்தின் டவர் திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. ஆகவே மாநிலங்களின் கருவூலத் தலைவர்கள் தங்கள் கூட்டமைப்பின் வழியாகத் தாங்களே சில வெளிப்படுத்தல் நெறிகளை எழுதிக்கொண்டு பின்பற்றுகிறார்கள். டெபாசிட் வகை 529-ஐப் பெற்றோர் பெரும்பாலும் மாநிலத்தின் இணையதளத்தில் நேராக வாங்குகிறார்கள். அங்கே தரகர் இல்லை. தரகர் இல்லாத இடத்தில் தரகர் விதிகளும் இல்லை.

மாநிலம் தவறு செய்தால் வழக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றால், அதுவும் எளிதல்ல. மேலே சொன்ன பிரின்ஸ்டன் வங்கிக்கே அது நடந்தது. ஃபுளோரிடாவின் மாநிலத் திட்டம் வங்கியின் காப்புரிமையை மீறுகிறது, தன்னைப் பற்றித் தவறாக விளம்பரம் செய்கிறது என்று வங்கி இரண்டு வழக்குகள் தொடுத்தது. 1999 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது, இரண்டும் ஐந்துக்கு நான்கு என்ற வித்தியாசத்தில். மாநிலத்தை அதன் சம்மதமில்லாமல் இப்படி மத்திய நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்பது சாரம். கல்லூரிச் சேமிப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு வங்கிக்கே அந்தக் கதி என்றால், 40,000 டாலர் வைத்திருக்கும் ஒரு தாய் மாநிலத்தை எதிர்த்து எவ்வளவு தூரம் போக முடியும்?

மியூச்சுவல் ஃபண்டுக்குரிய முழு விதிப்புத்தகத்தையும் டெபாசிட் திட்டத்தின் தலையில் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சந்தை அபாயம் இல்லாத ஒன்றுக்கு நூறு பக்க எச்சரிக்கை கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், கட்டணம்தான் கூடும். மரைன் பேங்க் தீர்ப்பின் நியாயம் இங்கேயும் பெரும்பாலும் செல்லும். நான் கேட்பது வேறு. எந்த வங்கியில் பணம் இருக்கிறது, அது என் மற்ற டெபாசிட்டோடு கூட்டப்படுமா, திட்டத்தில் எந்தப் பகுதிக்குக் காப்பீடு உண்டு, எதற்கு இல்லை என்று முதல் பக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும் என்பதை எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். காப்பீடு கொடுக்கும் எஃப்.டி.ஐ.சி.யே அதை ஒரு நிபந்தனையாக வைத்தால் போதும். அதன் விதியை மாநிலத் திட்டமும் மதித்தே ஆக வேண்டும். இன்றைக்கு இந்த விவரம் பெரும்பாலும் திட்ட ஆவணத்தின் உள்பக்கங்களில்தான் கிடக்கிறது.

காப்பீடு தொடாத இடங்களும் உண்டு. பிள்ளையின் வயதுக்கேற்ப மாறும் கலவைத் திட்டங்களில் ஒரு பகுதி மட்டும் வங்கி டெபாசிட்டாக இருக்கலாம். அந்தப் பகுதிக்கு உள்ள காப்பீடு முழுத் திட்டத்துக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே போட்ட பணத்தை ஒரு தேர்விலிருந்து இன்னொன்றுக்கு வருடத்தில் இரண்டு முறைதான் மாற்றலாம். சி.டி.யை முதிர்வதற்கு முன் உடைத்தால் வட்டியில் வெட்டு விழும். ஆகவே முதிரும் தேதியைக் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்துக்கு முன்னால் வருமாறு பார்த்து வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது விலைவாசி. 2008 டிசம்பர் முதல் 2015 டிசம்பர் வரை அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டியே வைத்திருந்தது. ஏழு வருடம் டெபாசிட்காரர்களுக்கு வட்டி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கல்லூரிக் கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. போட்ட டாலர் ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் அந்த டாலர் வாங்கித் தரும் படிப்பு குறைந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் பணம் முழுவதையும் டெபாசிட்டில் பூட்டி வைப்பதை நான் ஏற்க மாட்டேன். பதினைந்து, பதினாறு வயதில் முதல் இரண்டு வருடக் கட்டணத்தை அங்கே நகர்த்தி வைப்பது நல்ல காரியம்.

அண்ணன் மகளின் பெண்ணுக்கு இப்போது ஒன்பது வயது. இருக்கிற பணத்தை ஃபண்டில் விட்டுவிட்டு, இனிப் போடுவதில் ஒரு பங்கை மட்டும் டெபாசிட் பக்கம் திருப்பலாம் என்று பேசி முடித்தோம். 529 டெபாசிட்டை எந்த வங்கியில் வைப்பது என்று முடிவு செய்வது மாநிலம். தன் மற்ற சேமிப்பை எங்கே, யார் யார் பெயரில் வைப்பது என்பது அவள் முடிவு. ஓஹையோவுக்குத் திரும்பியதும் அந்த வங்கியில் தன் தனிப்பெயரில் இருக்கும் சேமிப்பில் மாப்பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடச் சொன்னேன்.